சிறு படகுக்கு ஒரு ராடார்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நிலக்கரி ஊரில் நின்றுகொண்டு இவன் எதற்குக் கடலைப் பற்றிப் பேசுகிறான்?" என்று சிலர் நினைக்கலாம். நெய்வேலியும் கடலூர் மாவட்டம்தானே! நம் வகுப்புகளில் கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அப்படி என்னோடு படித்த நண்பன் ஒருவன் இன்று தன் தம்பியோடு சேர்ந்து ஒரு விசைப்படகு வைத்திருக்கிறான். போன வருடம் ஒரு விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "மாப்ளே, இந்த ராடார்ல 48 மைல் வரைக்கும் தெரியுமாம். நகையை அடகு வெச்சா வாங்கிடலாம். வாங்கட்டுமாடா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்த உரை.

அவன் கேட்டது ஆசைக்காக அல்ல. 2018 ஆகஸ்ட் 7 அன்று, முனம்பத்திலிருந்து போன ஓஷானிக் என்ற படகைக் கேரளக் கடலில் ஒரு கப்பல் மோதியது. அதில் போனவர்களில் பலர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள். 2021 ஏப்ரல் 13 அதிகாலையில், மங்களூருக்கு அப்பால், பேப்பூரிலிருந்து போன ரபா என்ற படகும் ஒரு சரக்குக் கப்பலும் மோதின. படகில் இருந்தவர்கள் 14 பேர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 2 பேர். இரவில் வலை விரித்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தச் செய்திகள் சும்மா செய்திகள் அல்ல.

இப்போது அந்த 48 மைலைப் பார்ப்போம். ராடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், ராடாரின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். படகில் 4 மீட்டர் உயரத்தில் வைத்தால் 8.2 கிலோமீட்டர். எதிரே வரும் கப்பலுக்கும் இதே கணக்கு: 25 மீட்டர் உயரமென்றால் 20.5. இரண்டையும் கூட்டினால் சுமார் 29 கிலோமீட்டர். கடல் மைலில் 15 சொச்சம். 48 கடல் மைலில் ஒரு பொருள் தெரிய வேண்டுமானால் அது 390 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். நம்ம ஊர் அனல் மின் நிலையப் புகைபோக்கியைக் கடலில் கொண்டுபோய் நட்டால்கூடப் போதாது!

சரி, எத்தனை மைல்தான் தேவை? 15 நாட் வேகத்தில் நேராக வரும் கப்பல் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 22 நிமிடம் ஆகும். வலை கடலில் இருக்கும் படகு சட்டென்று திரும்ப முடியாது. ஆகவே அந்த 10, 12 கிலோமீட்டருக்குள் தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது கிலோவாட். விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். சக்தியை இரண்டு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகாது. 19 சதவீதம்தான் கூடும். ஏனென்றால் எதிரொலி தூரத்தின் நான்காம் படியில் குறைகிறது. அதைவிட ஆன்டெனாவின் அகலம் முக்கியம். 60 சென்டிமீட்டர் ஆன்டெனாவின் அலைக்கற்றை சுமார் 4 டிகிரி அகலம். 5 கிலோமீட்டரில் அது 350 மீட்டராக விரிந்துவிடும். அந்த அகலத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படகு நின்றால் திரையில் ஒரே புள்ளி. 45 சென்டிமீட்டர் என்றால் இன்னும் மோசம். எனவே காசு மிச்சம் இருந்தால் அகலத்தில் போடு, கிலோவாட்டில் போடாதே என்றேன்.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 4 கிலோவாட் என்பது துடிப்பின் உச்சம் மட்டுமே. பேட்டரியிலிருந்து இழுப்பது பெரும்பாலும் 40 வாட் அளவுதான். மேக்னட்ரான் இல்லாத புது வகை ராடார்கள் இதிலும் பாதி. அவை சூடேறக் காத்திருக்க வேண்டாம். கிட்டத்தில் இருப்பதையும் நன்றாகக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் எந்தச் சிறு ராடாரும் திணறும். அதன் 3 சென்டிமீட்டர் அலையை மழைத்துளியே திருப்பி அனுப்பிவிடும்.

இன்னும் ஒன்று. திரையை யார் பார்ப்பது? இரவு முழுக்க ஒருவர் கண் விழித்துப் பார்க்க முடியாது. குறித்த வட்டத்துக்குள் ஏதாவது வந்தால் ஒலிக்கும் அலாரம் அவசியம். அதுவும் டீசல் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். கெட்டுப்போனால் துறைமுகத்திலேயே பழுது பார்க்க ஆள் உண்டா, உரிமம் பற்றிய விதி என்ன என்பதையும் விசாரித்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "நான் கப்பலப் பாக்குறது இருக்கட்டும். கப்பல்காரன் என்னப் பாக்குறானா?" அதுதான் பொறியாளன் கேட்க வேண்டிய கேள்வி, மீனவன் கேட்டான்.

மரமும் ஃபைபரும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அலை எழும்பும் கடலில் சிறு படகு கப்பலின் திரையில் காணாமலே போகலாம். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஏஐஎஸ். 300 டன்னுக்கு மேற்பட்ட, வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பல்களில் இது கட்டாயம். நம் படகிலும் அந்தக் கருவி இருந்தால் நம் இடமும் வேகமும் அவர்கள் திரையில் தெரியும். 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்குத் தருவதாக அறிவித்த டிரான்ஸ்பாண்டர் வேறு. அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுவது. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

இரண்டாவது, மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்த மூலைப் பிரதிபலிப்பான். மின்சாரம் வேண்டாம், உரிமம் வேண்டாம். மூலையிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளும் தகடுகள் கப்பலின் ராடாருக்கு அதிகபட்சம் 33 சதுர மீட்டர் பொருள்போலத் தெரியும். 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் வெறும் 2 சதுர மீட்டர்தான். அளவைப் பாதியாக்கினால் பலன் பதினாறில் ஒரு பங்கு! மூலை சரியாக 90 டிகிரி இல்லாவிட்டாலும் பலன் வெகுவாகக் குறையும்.

நம் சுரங்கத்தில் 350, 700, 1400 லிட்டர் என்று வாளிச் சக்கர இயந்திரங்கள் இருக்கின்றன. இருப்பதிலேயே பெரியதுதான் எல்லா இடத்துக்கும் என்று யாரும் சொல்வதில்லை. நண்பனும் அப்படித்தான் முடிவு செய்தான். 48 மைலை விட்டுவிட்டு 60 சென்டிமீட்டர் ஆன்டெனா உள்ள சிறிய ராடார், ஓர் ஏஐஎஸ், கம்பத்தில் ஒரு பிரதிபலிப்பான். நகை வீட்டிலேயே இருக்கிறது.

ஆனால் கேபின்கூட இல்லாத ஃபைபர் படகுகளில் ராடாரை வைக்க இடமேது? அவர்களுக்குப் பிரதிபலிப்பானாவது வேண்டும். மாணவத் தம்பி தங்கைகளே, அலுமினியத் தகடும் மூலைமட்டமும் இருந்தால் அதை நீங்களே செய்யலாம். செங்கோணத்தை ஆய்வகத்தில் அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். தகடு வாங்கும் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாம் ஏற்றுக்கொள்வோம். முதல் பத்துக்கான தொகையை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.