28 கோர் தோத்த கதை: எடிட்டிங்குக்குப் பழைய சிஸ்டமா, புதுசா?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "வீடியோ எடிட்டிங் பண்ணணும், கையில அறுபதாயிரம் இருக்கு. பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாமா, இல்ல புது சிஸ்டமா?" இந்தக் கேள்விக்கு நான் ஒருதடவை ரொம்பத் தைரியமா தப்பான பதில் சொல்லியிருக்கேன். அதுக்கான காசை வேற ஒருத்தன் கட்டினான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் சித்தி பையன் திண்டுக்கல்ல கல்யாண வீடியோ எடுக்கறான். அப்போ அவன்கிட்ட இருந்தது சோனி ஏ7 மார்க் 3 கேமரா, நாலாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய சிஸ்டம், எடியஸ் சாஃப்ட்வேர். மெதுவா இருந்தாலும் வேலை ஓடிக்கிட்டு இருந்தது. 2024-ல மார்க் 4 கேமராவுக்கு மாறினான். அன்னையிலிருந்து டைம்லைன் நகரவே மாட்டேங்குது. போன் பண்ணினான்: "அண்ணே, நீங்கதான் கம்ப்யூட்டர்ல இருக்கீங்க. என்ன சிஸ்டம் வாங்கட்டும்?"

நான் யோசிக்கவே இல்லை. என் வேலையில கோடு கம்பைல் பண்ணணும்னா, கோர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் முடியும். அதே கணக்குல சொன்னேன்: "ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு ஜியான் பிராசஸர் போட்ட ஒர்க்ஸ்டேஷன் கிடைக்குதுடா. ஒவ்வொண்ணும் 14 கோர், மொத்தம் 28. 64 ஜிபி ரேம். கண்ணை மூடிக்கிட்டு வாங்கு." வாங்கினான். சித்தியோட செயினை அடகு வச்சு வாங்கினான்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஆவணி முகூர்த்தம் முடிஞ்சு முதல் கல்யாணத்தை அதுல போட்டான். பழைய சிஸ்டத்தைவிட மோசம்! பிளே பண்ணினா ரெண்டு செகண்ட் ஓடும், நிக்கும். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தா சிபியு நாற்பது சதவீதம்கூடத் தாண்டல. 28 கோர்ல பாதிக்கு மேல சும்மா உட்கார்ந்திருக்கு. பொண்ணு வீட்டுல இருந்து தினமும் போன். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டல. "பரவாயில்லண்ணே, பார்த்துக்கறேன்"னு சொன்னான். அதுதான் எனக்குத் தூக்கம் வராம பண்ணிச்சு.

ஏன் இப்படி ஆச்சுன்னு உட்கார்ந்து பார்த்தேன். மளிகைக்கடை அக்கவுண்ட் நோட்டை நினைச்சுக்கங்க. ஒண்ணாம் தேதி மொத்தப் பாக்கியை எழுதுவாங்க. அப்புறம் தினமும் என்ன கூடிச்சு, என்ன குறைஞ்சுதுன்னு மட்டும்தான் இருக்கும். இருபதாம் தேதி பாக்கி எவ்வளவுன்னு தெரியணும்னா, ஒண்ணாம் தேதியிலிருந்து கூட்டிக்கிட்டு வரணும். எச்.264, எச்.265 கோடெக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் வீடியோவைச் சேமிக்குது. சில ஃபிரேம்கள்தான் முழுப் படம். மத்ததெல்லாம் மாற்றங்கள் மட்டும். ஒரு ஃபிரேம் அடுத்ததை நம்பி இருக்கறதால, அந்தக் கணக்கை 28 பேருக்குச் சமமாப் பிரிச்சுக் கொடுக்கறது கஷ்டம்.

இந்தக் கணக்கைப் போடறதுக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கும். இன்டெல்ல அதுக்குப் பேரு குவிக் சிங்க். 2011-ல சாண்டி பிரிட்ஜோட வந்தது. தம்பியோட பழைய ஐ5-லயும் அது இருந்தது. மார்க் 3 எடுத்தது 8 பிட் எச்.264, அதனால சமாளிச்சது. நான் வாங்கச் சொன்ன ஜியான் இ5 வரிசையில கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. அதனால குவிக் சிங்க்கும் கிடையாது.

மார்க் 4-ல அவன் வச்சிருந்த செட்டிங் எச்.265, 10 பிட், 4:2:2. அதாவது வழக்கமான 4:2:0-வைவிட நிற விவரம் ரெண்டு மடங்கு. எச்.265-ல இந்த வகையை ஹார்ட்வேர்லயே பிரிக்க, டெஸ்க்டாப்னா இன்டெல் 11-ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். ஆப்பிள்ல 2020-ல வந்த எம்1-லிருந்தே முடியும். என்விடியா கார்டுகள்ல 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னாடி வந்தது எதுவும் 4:2:2-ஐத் தொடாது. நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். பெரிய விலை கொடுத்து 4070 போட்டும் டைம்லைன் திக்கும்.

சரி, தம்பி கதை. முதல் வேலையா, கையில இருந்த கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க ப்ராக்ஸி ஓட விட்டோம். எல்லா கிளிப்புக்கும் சின்ன சைஸ்ல ஒரு நகல். எடிட் பண்றது நகல்ல, கடைசியா எக்ஸ்போர்ட் ஆகறது ஒரிஜினல்ல. சொன்ன தேதியைவிட ஒன்பது நாள் லேட்டாக் கொடுத்தான்.

ரெண்டாவது வேலைக்குக் காசே ஆகல. தாலி கட்டுறது, நலங்கு மாதிரி மணிக்கணக்கா ஓடுற கவரேஜுக்கு கேமராவை 8 பிட் 4:2:0, எச்.264-க்கு மாத்தினோம். அவுட்டோர் ஷூட்டுக்கு மட்டும் 10 பிட். கலரை ரொம்ப மாத்தாத வரைக்கும் வித்தியாசம் தெரியாது.

மூணாவதா, ஆறு மாசம் கழிச்சு, ஒரு ஆபீஸ்ல கழிச்ச சிஸ்டம் முப்பதாயிரத்துக்குள்ள கிடைச்சது. ஐ5-12400, 2022-ல வந்த பிராசஸர். வெறும் 6 கோர். அதே 10 பிட் கிளிப் வெண்ணெய் மாதிரி ஓடுது. ஒண்ணு கவனிங்க: அதே பிராசஸர் கொஞ்சம் விலை குறைவா, பேருக்குக் கடைசியில 'எஃப்'னு ஒரு எழுத்தோட வரும். அதுல கிராஃபிக்ஸ் பகுதி இல்லை, குவிக் சிங்க்கும் போச்சு.

இதைப் பார்த்துட்டு "அப்போ புதுசுதான் நல்லது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அவன் இப்போ ஓட்டறதும் பழசுதான். நீங்க 1080பி, 8 பிட் எச்.264-ல யூடியூப் வீடியோ எடிட் பண்றவங்கன்னா, குவிக் சிங்க் இருக்கற பழைய ஐ5-ல ஒரு எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் போட்டாலே போதும். ஆனா விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல 8-ஆம் தலைமுறையாவது கேக்கறாங்க. அதையும் கணக்குல வச்சுக்கங்க.

புதுசுன்னா, 59,900 ரூபாய்க்கு வந்த எம்4 மேக் மினி அந்த விலைக்கு எடிட்டிங்ல நல்ல சாமான். ஆனா ஸ்டோரேஜ் 256 ஜிபிதான், ரேமைப் பின்னாடி கூட்ட முடியாது, எடியஸ் மேக்ல வராது. டாவின்சி ரிசால்வுக்கு மாற ரெடின்னா யோசிங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் செய்யுங்க. மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல உங்க கிளிப்பைப் போட்டு கோடெக், பிட், 4:2:0-வா 4:2:2-வான்னு பாருங்க. அப்புறம் அந்தக் கிளிப்பை பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க. அங்கேயே உங்க சாஃப்ட்வேர்ல, டைம்லைன்ல ஓட்டிப் பாருங்க. ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்துல 'வீடியோ டிகோட்' கோடு ஏறுதான்னு பாருங்க. ஏறினா ஹார்ட்வேர் வேலை செய்யுது. ஏறாம சிபியு மட்டும் திணறினா, கோர் எத்தனை இருந்தாலும் நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க.

அந்த 28 கோர் பெட்டி வீணாப் போகல. நாலு ஹார்ட் டிஸ்க் போட்டு பேக்கப் வச்சிருக்கான். செயினை மீட்டாச்சு, வட்டி என் கணக்கு. இப்பவும் யாராவது எனக்குப் போன் பண்ணி "என்ன சிஸ்டம் வாங்கலாம்?"னு கேட்டா, நான் சொல்றது ஒண்ணுதான்: "முதல்ல ஒரு கிளிப் அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அடுத்த எபிசோடுல பேக்கப் பத்திப் பேசுவோம்.