தண்ணீர்ப் பானையும் சுமைதாங்கியும்

(மன்னாரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்தியாவிலிருந்து தோணியேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார் பலர் இந்த மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். தலைமன்னாரிலிருந்தும் அரிப்பிலிருந்தும் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் மீண்டும் நடந்தார்கள். கருணையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பௌத்தர்கள் 'மெத்தா' என்பார்கள். பாளி மொழியில் நண்பனைக் குறிக்கும் 'மித்த' என்ற சொல்லோடு உறவுடையது அது. ஆகவே அது மேலே நிற்பவர் கீழே நிற்பவருக்குக் காட்டும் இரக்கம் அல்ல, தோழமை. சிங்களக் கிராமங்களில் வழிப்போக்கருக்காகத் தெருவோரம் தண்ணீர்ப் பானை வைப்பது பழைய வழக்கம். வெசாக் காலத் தன்சலில் வருகிற எவருக்கும் சோறு உண்டு.

நம் பக்கத்தில் தண்ணீர்ப் பந்தல் உண்டு, அன்னதானம் உண்டு. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவதும் தமிழர் வழக்கம். 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் சாதி, சமயம் கேட்காமல் இன்றும் சோறு போடுகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பானையில் குடிக்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சுமையை இறக்கி வைக்க யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை.

தோட்டத்தில் நிலைமை என்ன? கொழுந்து குறைந்த நாளில் துரை இரங்கினால் முழுப்பேர், இரங்காவிட்டால் அரைப்பேர். அதற்குப் பெயர் கருணை அல்ல, தயவு. துரை மாறினால் தயவும் மாறிவிடும். நியாயமான சம்பளமும், வீடும், காணி உறுதியும் நமக்கு எழுத்தில் வேண்டும். அவை வழியில் நட்ட கல்லைப்போல நிலைத்து நிற்க வேண்டும். சங்கம் கேட்பது அதைத்தான்.

நமக்கும் கடமை உண்டு. சுகமில்லாதவளின் கூடையில் பக்கத்து நிரைக்காரி இரண்டு கை கொழுந்து போடுகிறாளே, அதுதான் மெத்தா, அதுதான் அருள். லயத்துக்குள் சாதி பார்த்துத் தண்ணீர் கொடுக்கிறவர் எந்தக் கோயிலுக்குப் போயும் பயனில்லை. பக்கத்து நிரையில் நிற்கும் சிங்களத் தொழிலாளியின் சுமையும் நம் சுமைதான்.

சேர்ந்து நிற்போம். சுமையைப் பகிர்வோம், உரிமையைக் கேட்டுப் பெறுவோம்.