கடைமடைக்கு எட்டியதா தண்ணீர்?

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காவிரி என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை டி.எம்.சி.?" என்பதுதான். 2007-ல் நடுவர் மன்றம் தமிழகத்திற்கு 419 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்சநீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது. இது உரிமைக் கணக்கு. இதை நாம் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஆனால் நாம் போடாத கணக்கு இன்னொன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் கடைசி மனிதனின் கைக்கு எவ்வளவு எளிதாக எட்டுகிறது?

குடகு மலையில் பிறந்து வங்கக் கடலில் கலக்கும் காவிரியின் படுகை, சுமார் 81 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கே திறக்கும் நீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தலைமடைக்காரர் மதகைத் திறந்தால் வயல் நனைகிறது. கடைமடைக்காரரோ முறை எப்போது வரும் என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஆறு ஒன்றுதான், எட்டும் தூரம் ஒன்றல்ல!

குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. எதற்காகக் கழிக்கப்பட்டது தெரியுமா? தமிழகத்தின் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்திற்காக! இருக்கிறது, சரி. யாருக்கு எட்டுகிறது? கடலோரத்தில் பல இடங்களில் குழாய் இறக்கினால் உப்பு நீர் வருகிறது. நல்ல நீர் கிடைக்கும் ஊரிலும், பணமுள்ளவர் ஆழ்துளை போட்டு மோட்டார் வைக்கிறார். இல்லாதவரின் அடிபம்பு வறண்டு நிற்கிறது. பூமிக்கடியில் இருப்பது ஒரு கணக்கு. குடத்தில் நிறைவது வேறு கணக்கு!

மதீனாவில் மேட்டு நிலத்தாருக்கும் பள்ளத்து நிலத்தாருக்கும் வாய்க்கால் வழக்கு வந்தபோது, மேட்டிலிருப்பவர் பாய்ச்சிக்கொண்டு அடுத்தவருக்கு விடட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறினார்கள். மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு, தடுத்து வைக்கும் உரிமை இல்லை.

வணிகர்களே! 'இது விவசாயி பிரச்சினை' என்று கல்லாவில் உட்கார்ந்துவிடாதீர்கள். களத்தில் நெல் குவிந்தால்தான் உங்கள் கடையில் துணி விற்கும், மளிகைப் பாக்கி அடையும். கடைமடை காய்ந்தால் உங்கள் கடன் நோட்டும் மூடாது.

இளைஞர்களே! கோஷம் போட்டது போதும், ஒரு நோட்டை எடுங்கள். வீடு வீடாகச் சென்று ஐந்து கேள்விகள் கேளுங்கள். தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? கிணறோ குழாயோ எத்தனை அடி ஆழம்? நீர் நன்னீரா, உப்பா? எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? மாதம் எவ்வளவு செலவாகிறது? வாய்க்காலிலும் நடந்து பாருங்கள். எந்த மதகு பழுது, எங்கே தூர் எடுக்கவில்லை, எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதுங்கள்.

நம் தெருவோடு நின்றுவிடாதீர்கள். மீனவர் குப்பத்திற்கும் சேரிக்கும் போங்கள். அங்கேதான் கேள்விகளுக்குக் கடினமான பதில்கள் கிடைக்கும். அதையெல்லாம் ஊர் வரைபடத்தில் குறித்து, எல்லாச் சமுதாயத்தாரும் கையெழுத்திட்டு, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் வையுங்கள்.

ஆத்திரத்தோடு போகிறவனை அதிகாரி ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். கணக்கோடு போகிறவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!