கார் வாங்கும் முன் கணக்கு போடுவோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்போதெல்லாம் நாம் எந்த ஊர்க் குழுவுக்குப் போனாலும் ஒரு புதுப் பேச்சு காதில் விழுகிறது. "எங்க வீட்ல கார் வாங்கலாம்னு இருக்காங்க மேடம்." 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. சைக்கிளுக்கே ஏங்கிய வீடுகளில் கார் பேச்சு வருவது நமக்குச் சந்தோஷம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். என்ன கம்பெனி, என்ன கலர், என்றைக்கு நல்ல நாள் என்று பேசுகிறோம். மாசம் எவ்வளவு போகும், கடன் யார் பேரில், வண்டி யார் பேரில் என்று பேசுவதில்லை. எல்லாம் முடிவான பிறகு கையெழுத்துப் போட மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

விலை என்றால் எந்த விலை?

விளம்பரத்தில் போடுவது ஷோரூம் விலை. நாம் கையில் எண்ணிக் கொடுப்பது ஆன்ரோடு விலை. இரண்டும் ஒன்றல்ல.

ஷோரூம் விலை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி 5 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். நம் 6 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டுமே சுமார் 78 ஆயிரம். இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 7 லட்சம் தாண்டிவிடும்.

அதனால் ஷோரூமில் முதலில் கேட்க வேண்டியது, "எல்லாம் சேர்த்து எவ்வளவு? ஒவ்வொண்ணா எழுதிக் கொடுங்க." அந்தத் தாளில் சீட் கவர், மேட், கூடுதல் வாரண்டி என்று எழுதியிருந்தால் அதெல்லாம் நம் விருப்பம், கட்டாயம் இல்லை. இன்சூரன்ஸையும் அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பார்க்கலாம்.

வட்டிக் கணக்கு நமக்குத் தெரியாததா?

குழுவில் உள்கடனுக்கு வட்டி போடுகிற நாம், கார் கடன் வட்டிக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? 5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்று எடுத்துக்கொள்வோம்.

குறையும் வட்டி என்றால், நாம் அசலைக் கட்டக் கட்ட மீதி அசலுக்கு மட்டும் வட்டி. மாதத் தவணை சுமார் 10,625 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம்.

ஃப்ளாட் வட்டி என்றால், கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் வட்டி. மாதத் தவணை 12,500 ரூபாய். மொத்த வட்டி 2 லட்சத்து 50 ஆயிரம்.

இரண்டுக்கும் வாய்ச்சொல் "10 சதவீதம்"தான். வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய். ஃப்ளாட் வட்டி 10 சதவீதம் என்பது உண்மையில் சுமார் 17 சதவீதம்.

இன்னொன்று, "7 வருஷமா போட்டுக்கலாம், டியூ கம்மி ஆகும்" என்பார்கள். குறையும் வட்டியிலேயே டியூ 8,300 ஆகக் குறையும், ஆனால் மொத்த வட்டி 1 லட்சத்து 97 ஆயிரமாக ஏறிவிடும். இன்சூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பு ஐந்து வருடத்தில் பாதியாகிவிடுகிறது. வண்டி பழசான பிறகும் இரண்டு வருடம் டியூ கட்டிக்கொண்டிருப்போம்.

2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் கடன் வாங்குபவருக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டியூவோடு முடிவதில்லை

மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 3,300 ரூபாய். சர்வீஸ், டயர், அடுத்த வருட இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு மாதம் 1,500 ஆவது எடுத்து வைக்க வேண்டும். தவணையோடு சேர்த்தால் மாதம் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் என்று மாதம் மூன்று முறை வாடகைக் கார் எடுத்து, ஒரு தடவைக்கு 2,000 கொடுத்தால்கூட 6,000 ரூபாய்தான். இதைப் பார்த்துவிட்டு, கார் வேண்டாம் என்று சொல்கிறோம் என நினைக்காதீர்கள். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை போகிற வீடு, தினமும் டவுனுக்குச் சரக்கு கொண்டு போகிற வீடு, நடக்க முடியாத பிள்ளை இருக்கிற வீடு, இவர்களுக்குக் கணக்கு வேறு. அவரவர் வீட்டுக் கணக்கை அவரவர் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

"சும்மா நிக்கிற நேரத்துல வாடகைக்கு விட்டு டியூ கட்டிடலாம்" என்ற யோசனையும் வரும். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது. பிடிபட்டால் அபராதம். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல். தொழில் செய்வது என்றால் மஞ்சள் போர்டு, பெர்மிட் என்று முறைப்படி போக வேண்டும்.

முன்பணத்துக்குக் குழுக் கடனா?

இதை மனசு விட்டுப் பேச வேண்டும். வங்கி இணைப்புக் கடன் வந்ததும் மாட்டுக் கடன் என்று தீர்மான நோட்டில் எழுதிவிட்டு, வீட்டுக்காரர் கார் முன்பணத்துக்குக் கொடுப்பது நடக்கிறது. பங்கு போதவில்லை என்றால், "உங்க பங்கையும் எனக்குக் கொடுங்கக்கா, நான் கட்டிடறேன்" என்று இன்னும் இரண்டு பேரிடம் வாங்குவதும் நடக்கிறது.

மாடு பால் கறக்கும், அதில் தவணை கட்டலாம். சொந்தக் காரில் வருமானம் கிடையாது. இரண்டு மாதம் தவணை நின்றால் வங்கி பார்ப்பது அந்த ஒரு அக்காவை அல்ல, குழுவை. அடுத்த கடன் பன்னிரண்டு பேருக்கும் நின்றுபோகும். பத்து வருடம் சேர்த்த நல்ல பேரும் போகும். அதனால் முன்பணம் சொந்தச் சேமிப்பிலிருந்து வரட்டும். அது சேரும் வரை கார் காத்திருக்கட்டும். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினால் அதற்கும் வட்டி உண்டு, அதையும் மாதச் செலவில் எழுதுங்கள்.

எந்த வண்டி எடுப்பது?

ஷோரூமுக்கு ஆம்பளைங்க மட்டும் போய் முடிவு பண்ணிவிட்டு வர வேண்டாம். குடும்பமாகப் போய் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் முழங்கால் வலியோடு ஏறி இறங்க முடிகிறதா? நம் ஊர் மண் ரோட்டில் அடி தட்டாதா? நம் தெருவில் திருப்ப முடியுமா? சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? டீசல் வண்டிக்கு விலை அதிகம், தினமும் நிறைய ஓடினால்தான் அது கட்டுப்படியாகும்.

மைலேஜ் கேட்கிற மாதிரி பாதுகாப்பையும் கேளுங்கள். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. வண்டியை மோத விட்டு, ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நாம் எடுக்கும் மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். முன்பக்கம் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைக்காதீர்கள். மோதல் நடந்தால் காற்றுப்பையே குழந்தையை அடித்துவிடும். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும்.

ஆர்.சி. யார் பேரில்?

கடனில் நம் கையெழுத்தும் இருந்தால் கடன் நமக்கும் சொந்தம். அப்போது ஆர்.சி.யில் நம் பேர் இருக்கலாமே என்று வீட்டில் கேட்பதில் தப்பில்லை. வீட்டுக்காரர் பேரில் இருந்தால், 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி சேர்க்க வழி இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால் ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் இருக்க அது உதவும்.

வண்டிச் சொந்தக்காரர் ஓட்டும்போது விபத்தில் இறந்தால் 15 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. ஆனால் அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். நம் பேரில் வண்டி வாங்கினால் நாமும் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுப்போம். வேறு யார் ஓட்டினாலும் அவருக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் தனிக் காப்பீடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று வருடத்துக்கு எடுக்கிறோம். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி ஒரு வருடத்துக்குத்தான் என்றால், அதை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

எடுக்கும் நாளும், அதற்குப் பிறகும்

பூஜை போடும் முன் இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பில்லில் உள்ளபடி இருக்கிறதா பாருங்கள். தயாரித்த மாதம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், ஸ்டெப்னி டயர், இரண்டு சாவி எல்லாம் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டியூ கட்ட முடியாமல் போனால் ஒளியாதீர்கள். வங்கிக்கு நேரில் போய்ப் பேசுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டி வண்டியைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35 உம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எச்.பி. கேன்சல் செய்யுங்கள். அதுவரை வண்டி முழுசாக நமதில்லை.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். கார் வாங்கும் யோசனையில் இருக்கிற உறுப்பினர் இருந்தால், எல்லோரும் சேர்ந்து அவர் வீட்டு மாத வரவு செலவைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். மாதம் 15 ஆயிரம் போன பிறகும் சேமிப்பும் பிள்ளைங்க ஃபீஸும் தங்குகிறது என்றால் தைரியமாக வாங்கட்டும். நாமும் போய் ஒரு ரவுண்டு ஏறிவிட்டு வருவோம். தங்கவில்லை என்றால், அதை அவருக்குச் சொல்ல வேண்டியதும் குழுதான்.