நாணயம் மீட்டல்: பழைய கடனட்டையை மூடுவதா, வைத்திருப்பதா?

(மாத்தளையில் எமது சங்க அங்கத்தவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். முதலாவதை இழந்தவர் உழைத்துத் தேடிக்கொள்ளலாம். இரண்டாவதை இழந்தவர் அதை மீட்பது எவ்வாறு? இப்பெரிய கேள்வியின் ஒரு சிறு கிளையைப் பற்றியே இன்று உங்கள் முன்னிலையில் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். கடனட்டையில் வாங்கித் தவணை தவறி, பின்பு மெல்ல மெல்லத் தலைநிமிரும் ஒருவர், தம்மிடமுள்ள பழைய அட்டைகளை மூடிவிடுவது நல்லதா, வைத்திருப்பது நல்லதா என்பதே அது.

இக்கேள்வி இன்று பல வீடுகளிலே பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் 8 ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்கள் கழிய, 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. கடனட்டை வட்டி 30 வீதத்தையும் தாண்டிச் சென்றது. சம்பளம் நின்ற இடத்திலே நின்றது. அரிசியும் பால்மாவும் மருந்தும் நிற்கவில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த அட்டை அன்றாடச் சமையலுக்கே உதவ வேண்டியதாயிற்று. இவ்வாறு தவணை தவறியவர்களை ஊதாரிகள் என்று ஒதுக்குவது அறமன்று. அவர்கள் மீள்வதற்கு வழி சொல்வதே எம்போன்ற சங்கங்களின் கடமை.

அன்பர்களே! கடன் எழுதிய கடதாசி ஒருவனைத் தொடர்ந்து செல்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. எமது முன்னோரிற் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்து, மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள். வழிச்செலவே அவர்களுடைய முதற் கடனாயிற்று. அக்காலத்திலே "துண்டு" என்று ஒன்று இருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசியே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்து ஆட்களை எடுக்கும். கடனோ தீராமல், அவர்களோடு புதிய தோட்டத்துக்குக் குடிபோகும். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. அன்று கடதாசியில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை அறியும் வாய்ப்புப் பெரும்பாலான தொழிலாளருக்கு இருக்கவில்லை. இன்று எமக்கு அவ்வாய்ப்பு இருக்கின்றது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே பெருங்குறை.

1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. மக்கள் வாயிலே அது "கிரிப்" என்று வழங்குகின்றது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன், நிலுவை, தவறிய தவணை ஆகிய விபரங்களை அங்கே அனுப்புகின்றன. நாம் வாங்கிய கடன் மட்டுமன்று, பிறருக்காகப் பிணை நின்ற கடனும் அதிலே தோன்றும். "கிரிப்பில் பெயர் போய்விட்டது" என்று சிலர் அஞ்சுவார்கள். கடன் எடுத்தவர் எல்லோருடைய பெயரும் அங்கே உண்டு. ஒழுங்காகக் கட்டியவருடைய பெயரும் உண்டு. அது கறுப்புப் பட்டியல் அன்று, ஒரு ஏடு. கடன் கொடுப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்வது வங்கியே. அந்த ஏட்டில் எம்மைப் பற்றி எழுதியிருப்பதை, உரிய கட்டணம் செலுத்தி நாமே பெற்று வாசிக்கலாம். பிழை இருந்தால், தகவல் கொடுத்த நிறுவனத்தைக் கொண்டு திருத்துவிக்கலாம். ஆகவே, அட்டையை மூடுவதைப் பற்றிச் சிந்திக்குமுன் அவ்வறிக்கையை எடுத்து வாசிப்பதே முதற் படி.

இனி எமது கேள்விக்கு வருவோம். முதலாவதாக ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். அட்டையை மூடிவிட்டால் பழைய தவறும் மறைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது நடப்பதில்லை. அமெரிக்காவில் தவறிய தவணையின் பதிவு, கணக்குத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், ஏழு ஆண்டுகள் வரை அறிக்கையில் நிற்கும். எங்கும் இதே தத்துவந்தான். கணக்கை மூடுவது வருங்காலத்து வாசலைச் சாத்துமே அன்றி, நடந்ததை அழிக்காது.

இரண்டாவதாக, கணக்கைப் பார்ப்போம். இரத்தோட்டையிலே ஒரு சகோதரருக்கு மூன்று அட்டைகள் உண்டென்று வைத்துக்கொள்வோம். இரண்டின் கடன் எல்லை தலா 1,00,000 ரூபா. மூன்றாவதின் எல்லை 50,000 ரூபா. எல்லாவற்றிலுமாக அவர் தரவேண்டியது 50,000 ரூபா. மொத்த எல்லை 2,50,000. ஆகவே அவர் பயன்படுத்தியிருப்பது நூற்றுக்கு 20. இப்போது நிலுவையே இல்லாத 1,00,000 ரூபா அட்டை ஒன்றை மூடுகின்றார். கடன் கூடவில்லை, ஆனால் எல்லை 1,50,000 ஆகச் சுருங்குகின்றது. அதே 50,000 ரூபா இப்போது நூற்றுக்கு 33 ஆகத் தோன்றுகின்றது. அமெரிக்காவில் வழங்கும் ஃபைக்கோ மதிப்பெண் முறையிலே, ஒழுங்காகக் கட்டுவதற்கு 35 வீதமும், இவ்வாறு கடன் சுமையைப் பார்ப்பதற்கு 30 வீதமும், கணக்கின் வயதுக்கு 15 வீதமும், புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10 வீதமும் இடம் உண்டு. பழைய அட்டையை மூடாதே என்று சொல்பவர்களின் நியாயம் இதிலிருந்தே பிறக்கின்றது.

ஆனால் கணக்கின் வயதைப் பற்றிய அச்சம் சற்று மிகையானது. நல்ல நிலையில் மூடப்பட்ட கணக்கு அங்கே பத்து ஆண்டுகள் வரை அறிக்கையில் நிற்கின்றது. அதுவரை அதன் வயதும் கணக்கில் சேர்கின்றது. இன்று மூடினால் நாளையே எல்லாம் போய்விடும் என்பதில்லை.

மூன்றாவதாக, பிறநாட்டு அறிவுரையை எமது நாட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இங்கே வீட்டுக் கடனோ முச்சக்கர வண்டிக்கு லீசிங்கோ கேட்டுப் போகும்போது, அதிகாரி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. மாத வருமானத்தில் எவ்வளவு கடனுக்குப் போகின்றது என்று பார்ப்பார். சில நிறுவனங்கள், பயன்படுத்தாத அட்டையின் எல்லையையும் நாளை வரக்கூடிய சுமையாகவே எண்ணும். அங்கே பழைய அட்டை உதவியாகாமல் தடையாகவும் கூடும். ஆகவே அண்மையில் பெருங்கடன் எடுக்கும் எண்ணம் உடையவர், தாம் அணுகப்போகும் நிறுவனத்திடமே, "இவ்வட்டையை நீங்கள் எவ்வாறு கணக்கெடுப்பீர்கள்?" என்று முன்கூட்டிக் கேட்டறிதல் வேண்டும். கேட்பதற்குக் காசில்லை.

நான்காவதாக, மேசை லாச்சியிலே உறங்கும் அட்டை உண்மையில் உறங்குவதில்லை. ஆண்டுக் கட்டணம் விழும். நாம் பார்க்காத கூற்றிலே அது நிலுவையாகும். நிலுவைக்குத் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். வீடு மாறி, தொலைபேசி இலக்கமும் மாறியிருந்தால் அறிவித்தலும் எம்மை எட்டாது. ஈற்றில், ஒரு பொருளும் வாங்காத அட்டைக்காக எமது ஏட்டிலே தவணை தவறியவர் என்ற குறிப்பு விழும். இருபது மாதம் பாடுபட்டு மீட்ட நாணயம், ஒரு சில ஆயிரம் ரூபாவினால் மீண்டும் பழுதாகும். மீண்டு வருபவருக்கு இதைவிடக் கொடிய இடறல் இல்லை.

ஐந்தாவது, மனம். கையிலே அட்டை இருந்தால் மாசி மகத் தேருக்குப் பட்டும் தீபாவளிக்குத் தளபாடமும் வாங்கத் தோன்றும் என்றால், அவர் எந்த மதிப்பெண்ணையும் எண்ணாமல் அதை மூடிவிடலாம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 28 வீதம் என்று உச்ச வரம்பு விதித்தது. அவ்வீதப்படி பார்த்தாலும் 50,000 ரூபா நிலுவைக்கு ஓராண்டு வட்டி 14,000 ரூபா. சில புள்ளிகளைக் காப்பதற்காக ஆண்டுக்கு 14,000 ரூபா கொடுப்பது இலாபமான வியாபாரமா என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

இவையனைத்தையும் கூட்டிப் பார்க்கும்போது எமக்குத் தோன்றுவது இதுதான். நிலுவையைத் தீர்ப்பதே முதல் வேலை. மூடுவதா வைப்பதா என்பது இரண்டாம் வேலை. கட்டணம் இல்லாத, அல்லது கேட்டால் கட்டணத்தை விலக்கித் தரும் மிகப் பழைய அட்டை ஒன்றை வைத்திருக்கலாம். மின்சாரக் கட்டணம் போன்ற ஒரு சிறு செலவை மட்டும் அதில் எழுதி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவரலாம். அதுவே புதிய நற்பதிவுகளை உண்டாக்கும். கட்டணம் சுமக்கும் அட்டையையும், ஆசையைக் கிளறும் அட்டையையும் ஒவ்வொன்றாக மூடலாம். மற்ற அட்டைகளில் நிலுவை குறைந்த பின்பு மூடுவது இன்னும் நன்று. வைத்திருக்கும் அட்டையின் எல்லையைக் குறைத்துத் தரும்படி கேட்பதும் ஒரு நடுவழி.

மூடும் முறையையும் சொல்லிவிடுவோம். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவது மூடுதல் ஆகாது. கணக்கு அப்படியே நடக்கும். அட்டையோடு இணைத்த காப்புறுதி, தொலைபேசிக் கொடுப்பனவுகளை முதலில் வேறிடத்துக்கு மாற்றுதல் வேண்டும். கடைசிக் கூற்றுக்குப் பின்பும் சில நாள் வட்டி ஏறியிருக்கும். ஆகவே மூடும் நாளின் முழுத் தொகையைக் கேட்டு அதையே கட்டுதல் வேண்டும். பின்பு எழுத்திலே விண்ணப்பித்து, பாக்கி எதுவும் இல்லை என்னும் கடிதத்தை எழுத்திலேயே பெறுதல் வேண்டும். வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிக்க முன்வந்தால், அது ஏட்டிலே எவ்வாறு எழுதப்படும் என்பதையும் கேளுங்கள். இந்தியாவிலே முழுதும் கட்டி மூடிய கணக்கு வேறு, சமரசத்தில் முடித்த கணக்கு வேறு என்று குறிக்கப்படுகின்றது. பின்னையதைக் கடன் கொடுப்போர் அவ்வளவு விரும்புவதில்லை. இரண்டொரு மாதம் சென்றபின் அறிக்கையை மறுபடி எடுத்து, மூடப்பட்டது என்று பதிவாகியிருப்பதைப் பார்த்துக்கொண்டால் காரியம் முடிந்தது.

சகோதர சகோதரிகளே! நாடே தனது நாணயத்தை மீட்க வேண்டிய காலத்திலே நாம் வாழ்கின்றோம். 2022 ஏப்ரலில் கடன் கட்ட இயலாது என்று அறிவித்த இலங்கை, தனது பிணைமுறிகளை மாற்றியமைத்து, தரமிடும் நிறுவனங்களிடம் தர உயர்வைப் பெறுவதற்கு 2024 டிசம்பர் வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்வுயர்வும் முதற் படியே. ஒரு நாட்டுக்கே இத்தனை காலம் வேண்டுமாயின், ஒரு குடும்பத்துக்குச் சில ஆண்டுகள் செல்வதிலே வெட்கம் என்ன? எமது சங்கத்து இளைஞர்கள் ஒரு தொண்டு செய்யலாம். அறிக்கையை வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், ஆங்கிலக் கூற்றைக் கண்டு அஞ்சும் தாய்மாருக்கும் அருகிலிருந்து வரி வரியாக விளக்கிச் சொல்லுங்கள். அவர்களுடைய இரகசியத்தையும் காத்துக்கொள்ளுங்கள். துண்டிலே எழுதியது தெரியாமல் எம் முன்னோர் தோட்டம் தோட்டமாகச் சென்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் எமது ஏட்டை நாமே வாசித்து, நாமே திருத்தி, நாணயத்தோடு வாழ்வோமாக.