வீட்டு மாடியில் பூச்சி பிடிக்கும் செடிகள்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் தாம்பரத்திலுள்ள என் வீட்டிற்குக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். மாடியில் மண்தொட்டியொன்றில், நாணய அளவே உள்ள ஒரு செந்நிறச் செடி தரையோடு தரையாக வட்டமாய்ப் படர்ந்திருந்தது. அதைக் குனிந்து பார்த்தவர், "ஐயா, இதன்மேல் பனி இன்னும் உலரவில்லையே!" என்றார். மணி அப்பொழுது பதினொன்று. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சிறு ஈயொன்று அத்துளியிற் சிக்கித் துடித்ததைக் கண்ட பிறகே அது பனியன்று, பசை என்பது அவருக்குப் புலனாயிற்று.

தாவர நூலார் இச்செடியை டிரோசீரா பர்மானி என்பர். பனித்துளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது டிரோசீரா என்னும் பெயர். நம் நாட்டு மருத்துவருள் சிலர் இதனை அழுகண்ணி என்று வழங்குகின்றனர். அப்பெயரால் வேறொரு செடியைச் சுட்டுவாரும் உளர். சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றி 1915ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கேம்பிள் என்பாரின் பெருநூல், இவ்வினத்தில் மூன்று செடிகளைக் கூறுகிறது. அவற்றுள் பர்மானியும், நீண்டு மெலிந்த இலைகளையுடைய இண்டிகாவும் சமவெளியில் வளர்வன. மூன்றாவது மலைநாட்டிற்கு உரியது.

பூச்சி ஒட்டியதும் பர்மானியின் ஓரத்து மயிர்கள் சில நொடிகளில் உள்நோக்கி வளைந்துவிடும். பின்பு செரிநீர் சுரந்து இரையைக் கரைக்கிறது. இலை அதிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் பல ஆண்டுகள் இவ்வினத்தை ஆராய்ந்து, பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875இல் ஒரு நூலே எழுதினார். இரை ஊட்டப்பெற்ற செடிகள் மிகுதியாக விதை தருவதை அவருடைய மகன் பிரான்சிஸ் பின்னர்ச் சோதித்துக் காட்டினார்.

மாணவர் என்னை நாடி வந்த காரணம் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் குள்ள டிரோசீராக்கள் பல உள்ளன. குளிர்காலத்தில் அவற்றின் நடுவே செதில் போன்ற சிறு மொட்டுகள் தோன்றும். மழைத்துளி விழுந்த வேகத்தில் அவை தெறித்துப் போய், விழுந்த இடத்தில் வேரூன்றும். படத்தில் அவற்றைக் கண்ட மாணவர், எப்படியாவது வரவழைத்து வளர்க்க விரும்பினார். அவை குளிர்ந்த மழைக்காலத்திற்குப் பழகியவை. மேலும், அயல்நாட்டுச் செடிகளை இசைவுச் சீட்டின்றி அஞ்சலில் தருவிக்கச் சட்டம் இடங்கொடாது. "முதலில் நம் ஊர்ச் செடியை ஓராண்டு உயிரோடு வைத்திருங்கள், பார்ப்போம்" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி வந்தது, கொன்று கற்றதனால். முதலாண்டில் நல்ல செம்மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்து, நாள் தவறாமல் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினேன். மூன்று வாரத்தில் தொட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்தது, இலையிற் பசைத்துளி வற்றியது, செடி கருகியது. அன்பு மிகுந்து இன்னும் சற்று எருவிட்டேன். எஞ்சியதும் போயிற்று. சத்தற்ற ஈரநிலத்தில் வேர் தேடித் தராததைத்தான் இலை பூச்சியினின்று பெறுகிறது. அவ்வேருக்கு உரமும் உப்பும் நஞ்சே.

ஆகவே இதற்கு வேண்டியது ஏழை மண். பலமுறை அலசிய ஆற்றுமணலும், விதைக்கடையில் கிடைக்கும் பீட் என்னும் கரிமண்ணும் சமபங்கு போதும். தென்னைநார்த் தூளில் பெரும்பாலும் உப்பிருக்கும். வேறு வழியில்லையேல் மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதையே மும்முறை செய்க. தண்ணீர் மழைநீராகவே இருக்கட்டும். 2003 முதல் நம் வீடுகளில் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக இருக்கிறது. அக்குழாயில் பாய்வதில் நாலு குடம் பிடித்து மூடிவைத்தால் கோடை வரை வரும். கூரைத் தூசியைக் கழுவிவரும் முதல் மழையை மட்டும் விட்டுவிட வேண்டும். தொட்டியைத் தட்டில் வைத்து, அடியில் ஒரு விரற்கடை நீர் நிற்கச் செய்க. வாரம் இருமுறை அதைக் கொட்டிக் கழுவாவிடில், பூச்சியுண்ணும் செடியின் கீழேயே கொசு வளர்த்த பெருமை நமக்குக் கிட்டும்! காலை வெயில் ஐந்து மணி நேரம் விழவேண்டும். சோறோ இறைச்சியோ இலையில் வைக்க வேண்டா, அழுகிப்போகும். இரையைச் செடியே தேடிக்கொள்ளும்.

செடியை எங்கே பெறுவது? என் இளமையில், எங்கள் ஊர் ஏரியின் ஓரத்து மணற்கசிவில், மழை ஓய்ந்த மாதங்களில் தரை சிவந்து கிடக்கும். மிதிக்காமல் நடப்பது அரிது. இன்று அவ்விடத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. எனவே எஞ்சிய இடத்தில் எதையேனும் கண்டால் தோண்டி எடுக்காதீர்கள். வளர்ப்பவரிடம் விதை கேளுங்கள். தூசு போன்ற அவ்விதையை மண்ணின் மேல் தூவினால் போதும், மூடலாகாது.

மாணவர் ஒரு காகித மடிப்பில் விதை வாங்கிப் போனார். பங்குனியில், வெண்ணிறப் பூ மலர்ந்ததென்று மகிழ்ச்சியோடு தொலைபேசியிற் சொன்னார். சித்திரையில் மீண்டும் அழைத்தார், குரல் தாழ்ந்திருந்தது. செடி முழுதும் காய்ந்துவிட்டதாம்.

"தொட்டியை எறிந்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஐயா."

"நல்லது. அது ஓராண்டுச் செடி, விதை உதிர்ந்திருக்கும். நிழலில் எடுத்து வையுங்கள். ஐப்பசி மழை வரட்டும்."