செல்லாக் காசும் சொல்லாக் குறையும்

 



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் என்னைச் சந்தித்தார். பழைய நாணயங்களைச் சேகரிப்பதில் ஆர்வமுள்ளவர். முகலாயப் பேரரசர் ஷாஜஹான் காலத்து வெள்ளி ரூபாய் என்று இணையவழி ஏலத்தில் காட்டப்பட்ட ஒரு நாணயத்தை 7,500 ரூபாய் கொடுத்து எடுத்திருந்தார். ஒரு புறத்தில் கலிமா பொறிக்கப்பட்டிருந்ததே அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது. கைக்கு வந்தபின் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். உண்மையான முகலாய ரூபாய் ஏறத்தாழ 11.4 கிராம் இருக்க வேண்டும். இதுவோ 9 கிராமைச் சற்றே தாண்டியது. எழுத்துகளைச் சுற்றி ஊசி முனையளவு குழிகள் தென்பட்டன. விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்க்கப்பட்ட தடம் இருந்தது. அச்சில் வார்த்து எடுத்த போலி அது. விற்றவரைத் தேடினால் அந்தக் கணக்கே மறைந்துவிட்டது.

அவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணம். "ஹஜ்ரத், நானும் ஏமாந்துதான் இதை வாங்கினேன். இதை நான் செய்யவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட அதே வார்த்தைகளுடன், அதே விலைக்கு மீண்டும் ஏலத்தில் விட்டால் குற்றமாகுமா?"

அன்புச் சகோதரர்களே! இந்தக் கேள்வி நாணயத்தைப் பற்றியது மட்டுமன்று. ஏமாற்றப்பட்டவன் ஏமாற்றுபவனாக மாறும் வாசல் இது. ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஏலம் என்பது தன்னளவில் தடுக்கப்பட்டதன்று. வறுமையால் யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஏலத்தில் விட்டார்கள் என்ற செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இதைவிட அதிகம் தருபவர் யார் என்று நபியவர்கள் கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்துக்கொண்டார். பொருள் அனைவரின் கண்முன்னே இருந்தது. அதன் பழமையும் தேய்மானமும் மறைக்கப்படவில்லை. கேட்டவர்கள் வாங்கும் எண்ணத்துடனேயே கேட்டார்கள். இதுவே நேர்மையான ஏலம்.

இன்றைய இணைய ஏலங்களில் பலவற்றில் இம்மூன்றும் தவறுகின்றன. பொருளை நாம் தொட்டுப் பார்ப்பதில்லை; படத்தை மட்டுமே பார்க்கிறோம். அந்தப் படமோ சில வேளைகளில் வேறொருவருடைய அசல் நாணயத்தின் படமாக இருக்கிறது. விற்பவரே வேறு பெயர்களில் நுழைந்து விலையை ஏற்றிவிடுவதும் நடக்கிறது. வாங்கும் எண்ணமின்றி, பிறரைத் தூண்டுவதற்காக விலையை உயர்த்திக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹான நூல்களிலும் காண்கிறோம். கணினி இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அந்தத் தடை இன்றைய மோசடிக்கு அப்படியே பொருந்துகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. சீனாவுடன் வணிகம் செய்வதற்கென்றே அமெரிக்கா 1873ஆம் ஆண்டு முதல் 'டிரேட் டாலர்' என்ற வெள்ளி நாணயத்தை அச்சிட்டது. அதன் எடை 27.22 கிராம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே நாணயத்தின் போலிகள் சீனாவிலுள்ள பட்டறைகளில் உருவாகி, இணைய ஏலங்கள் வழியாக அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கைக்கே சென்றன. நாணயத்தைச் சோதித்துத் தரச் சான்றுடன் பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் நிறுவனங்கள் அங்கே உண்டு. 2008ஆம் ஆண்டில் அந்த உறைகளுக்கும் போலி வந்துவிட்டது தெரியவந்தது. நகல் நாணயங்களில் 'நகல்' என்று பொருள்படும் சொல்லைப் பொறித்தே விற்க வேண்டும் என்று அந்நாட்டில் 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் அச்சத்தை உள்ளத்தில் வைக்காதவனைச் சட்டம் மட்டும் எவ்வாறு தடுக்கும்?

நம் நாட்டில் ஏமாற்றுபவன் ஒவ்வொருவருடைய பக்தியையும் அறிந்து தூண்டில் போடுகிறான். முஸ்லிமிடம் கலிமா பொறித்த காசைக் காட்டுகிறான். இந்துச் சகோதரரிடம் இராமர் தர்பார் உருவமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த காசைக் காட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டது என்கிறான். கம்பெனி அத்தகைய நாணயத்தை வெளியிட்டதே இல்லை. 786 என்ற எண் கொண்ட நோட்டுக்கு இலட்சக்கணக்கில் தருவதாக ஆசை காட்டி, முதலில் பதிவுக் கட்டணம், பின்னர் வரி, அதன்பின் கமிஷன் என்று பணம் பறிக்கும் கூட்டமும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் இவர்கள் பயன்படுத்தியதால், பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்ட் மாதம் பொதுமக்களை எச்சரித்தது.

சகோதரர்களே! நாணயத்தின் தூய்மை நம் மார்க்கத்தில் சிறிய விஷயமன்று. கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் அவர்கள் ஹிஜ்ரி 77இல் உருவங்களை நீக்கி, இறைவனின் ஏகத்துவத்தைக் கூறும் எழுத்துகளுடன் தங்க தீனாரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4.25 கிராம் என்ற அதன் எடை சீராகக் காக்கப்பட்டதாலேயே அது தொலைதூர நாடுகளிலும் மதிக்கப்பட்டது. ஷுஐப் (அலை) அவர்களின் சமூகத்தார் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்து அழிந்த வரலாற்றைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கூறுகிறது. அவர்கள் நாணயங்களின் ஓரங்களை வெட்டிக் குறைத்தும் வந்தார்கள் என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கியுள்ளார்கள். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம், 83ஆவது ஸூரா, அருளப்பட்டிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அந்த வியாபாரி மழையைப் பெய்விக்கவில்லை. குறை அவர் கையால் ஏற்பட்டதன்று. ஆனாலும் அதை அடியில் மறைத்தது அவர் செயல். "இதை நான் செய்யவில்லை" என்று சொன்ன நம் சகோதரருக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

மீதி விடையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் காண்கிறோம். போலி திர்ஹம் ஒன்றைப் புழக்கத்தில் விடுவது நூறு திர்ஹங்களைத் திருடுவதைவிடக் கொடியது என்ற முன்னோர் கருத்தை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். காரணம் என்ன? திருட்டு ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது. போலிக் காசோ கை மாறி, கை மாறி, விட்டவன் மண்ணறைக்குச் சென்ற பின்னரும் மக்களைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது. அதன் பாவமும் அவனைத் தொடர்கிறது. எனவே அத்தகைய காசு கைக்கு வந்தால், பிறர் கை நீளாத வண்ணம் அதைக் கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்கிறார்கள். நாணயத்தைச் சோதிக்கும் அறிவைப் பெறுவது வியாபாரியின் கடமை என்றும் கூறுகிறார்கள். தான் ஏமாறாமல் இருப்பதற்காக மட்டுமன்று; தன்னை அறியாமல் இன்னொரு முஸ்லிமை ஏமாற்றிவிடாமல் இருப்பதற்காக!

சிலர், "உள்ளது உள்ளபடி விற்கிறேன், நான் நிபுணர் அல்லன், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்று எழுதிவிட்டால் பொறுப்பு நீங்கியதாக எண்ணுகிறார்கள். உண்மையாகவே அறியாதவரின் நிலை வேறு. போலி என்று அறிந்த பின்னர் இவ்வாறு எழுதுவது மோசடிக்குப் போர்த்திய போர்வையாகும். குறையை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்கியுள்ளது. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு; மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பதே ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து.

வாங்குவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாணயத்தின் இரு புறங்களுக்கும் விளிம்புக்கும் படம் கேளுங்கள், எடையைக் கேளுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியன்று. ஒரே இடத்தில் ஒரே கீறல் இரு நாணயங்களில் இருந்தால் இரண்டுமே ஒரு வார்ப்பில் வந்தவையாக இருக்கலாம் என்று ஐயுறுங்கள். எழுத்து மூலம் உத்தரவாதம் தரும், முகவரி அறிந்த வணிகரிடமே வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் உடனே முறையிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கலிமா பொறித்த காசு வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்று நம்பாதீர்கள். கலிமா இருக்க வேண்டிய இடம் உள்ளம். அது வெளிப்பட வேண்டிய இடம் நம் கொடுக்கல் வாங்கல்.

அந்தச் சகோதரரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். 7,500 ரூபாய் அவருக்குச் சிறிய தொகையன்று. ஓரிரு நாட்களில் காவல்துறையில் புகார் அளித்தார். படங்களையும் இரசீதையும் சான்றாக ஒப்படைத்தார். விசாரணைக்கு நாணயம் தேவையில்லை என்று அறிந்த பின்னர், பொற்கொல்லர் ஒருவரிடம் கொடுத்துத் தம் கண்முன்னேயே உருக்கச் செய்தார். "பணம் போய்விட்டது ஹஜ்ரத், ஆனால் இனி இது யாரிடமும் போகாது" என்றார். அவர் இழந்ததைவிடச் சிறந்ததை அல்லாஹ் அவருக்கு வழங்குவானாக!

யா அல்லாஹ்! எங்கள் வருவாயை ஹலாலாக்குவாயாக! பிறரை ஏமாற்றுவதிலிருந்தும் பிறரால் ஏமாற்றப்படுவதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்கள் கையோடு நிற்க வேண்டிய தீமை அடுத்தவர் கைக்குச் செல்லாமல் தடுக்கும் ஈமானின் உறுதியைத் தருவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!